ஊரை விட்டு வெளியே போகாத அம்மாவுக்குச் சிங்கப்பூரில் எதைக் காட்டுவது?

அம்மாவுக்கு எழுபது வயதாகப் போகிறது, முழங்கால் வலி உண்டு, தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது, சிங்கப்பூரைக் காட்ட ஆசை இருக்கிறது, ஆனால் "அவருக்கு அங்கே என்ன புரியப் போகிறது" என்று வீட்டில் கேட்கிறார்கள், எந்த இடங்களுக்கு அழைத்துப் போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இடங்களின் பட்டியலைத் தரப் பலர் இருக்கிறார்கள். வீட்டில் கேட்பதாக நீங்கள் எழுதிய அந்த ஒரு வரிதான் என்னைச் சுட்டது. என் அம்மாவைக் குறித்தும் உறவினர்கள் இதே கேள்வியைக் கேட்டார்கள். அம்மா அடுக்களையில் நிற்பது தெரிந்தே, அவர் காதில் விழும்படியே கேட்டார்கள்.

எங்கள் ஊர் குலசேகரத்தை அடுத்தது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியை அறிந்தவர்களுக்கு அங்கே எந்தத் திசையில் நடந்தாலும் ரப்பர் தோட்டத்துக்குள்தான் போய் நிற்க வேண்டும் என்பது தெரியும். அம்மா அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர். சொந்த மரங்களில் அல்ல, பிறருடைய மரங்களில். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டோடு போக வேண்டும். முந்தைய வெட்டின் மேல் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுத்துவிட்டு, அதே கோட்டில், உள்ளே மரத்தில் கத்தி படாமல், பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவிக்கொண்டு வர வேண்டும். கத்தி ஆழமாகப் போனால் மரத்தில் காயம் விழும்; அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும்; பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. ஆழம் போதாவிட்டால் சிரட்டை நிறையாது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள அளவை, விளக்கு வெளிச்சத்தில், மரத்துக்கு மரம் தவறாமல் பிடித்த கை அம்மாவுடையது. அதன்பின் பாலைச் சேகரித்து, அரித்து, ஆசிட் ஊற்றி உறையவைத்து, மெஷினில் ஷீட் அடித்துக் காயப்போடுவது வரை எல்லாம் அவர் வேலை. அந்தக் கூலியில்தான் நான் படித்தேன். இவற்றையெல்லாம் அறிந்த ஒருவருக்கு ஒரு நகரத்தைப் பார்த்தால் "என்ன புரியும்" என்று கேட்பதற்கு உறவினர்களுக்கு எப்படி மனம் வந்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பயண முகவர் ஒருவரிடம் விசாரித்தபோது காலை முதல் இரவு வரை வேனில் ஏற்றி இறக்கும் திட்டம் ஒன்றைத் தந்தார். செந்தோசா, யூனிவர்சல் ஸ்டுடியோஸ், நைட் சஃபாரி என்று நீண்ட அந்தத் திட்டத்தில் அம்மா உட்கார்ந்து மூச்சுவிடும் நேரம் எங்கும் இல்லை. சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அது பொருந்தக்கூடும். அந்த இடங்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அம்மாவை நகரத்துக்குக் காட்டுவதா, நகரத்தை அம்மாவுக்குக் காட்டுவதா என்று யோசித்தால், அவர் கையால் அறிந்த ஏதாவது ஒன்று அங்கே இருக்கிறதா என்று தேடுவதே முறை என்று எனக்குத் தோன்றியது. தேடியபோது கிடைத்தது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா.

1859இல் தொடங்கப்பட்ட அந்தப் பூங்கா 2015இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று ரப்பர். பிரேசிலிலிருந்து 1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் கொண்டுபோன ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்கவைத்து, அவற்றில் 22 கன்றுகளை 1877இல் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். 1888இல் பூங்காவின் பொறுப்புக்கு வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைக் கண்டபடி கொத்திக் காயப்படுத்தாமல், ஒரே வெட்டைத் திரும்பத் திரும்ப மெல்லியதாகச் சீவிப் புதுப்பித்தால் பால் தொடர்ந்து கிடைக்கும், பட்டையும் மீண்டும் வளரும் என்பதை 1890களில் அங்கே செய்து காட்டினார். காப்பி பயிரிட்டுக்கொண்டிருந்த தோட்ட முதலாளிகளிடம் ரப்பர் விதையைக் கொடுத்து நடச் சொல்லி அலைந்த அவரைப் பைத்தியக்காரர் என்றே சொன்னார்கள். மோட்டார் வாகனங்கள் பெருகி டயருக்கு ரப்பர் தேவைப்பட்டபோது அந்தப் பேச்சு அடங்கியது. ஆக, அம்மா வாழ்நாள் முழுவதும் செய்த வேலையின் முறை உருவான இடம் அது. குலசேகரத்துக்காரி ஒருத்திக்குச் சிங்கப்பூரில் இதைவிடப் பொருத்தமான இடம் வேறு எது என்று நீங்களே சொல்லுங்கள்.

திருவனந்தபுரத்திலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது. பயணம் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. வழக்கம்போல நம் நேரம் நான்கு மணிக்கு அம்மாவுக்கு விழிப்பு வந்தால் அங்கே ஆறரை மணி. சூரியன் உதிப்பதோ ஏறக்குறைய ஏழு மணிக்கு. எனவே அவருக்கு நாள் பழையபடியே இருட்டில் தொடங்கியது. பூங்கா காலை 5 மணிக்கே திறந்துவிடும், நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் சீட்டு வாங்க வேண்டும். எண்பது ஹெக்டேருக்கு மேல் பரந்த இடம் என்பதால் முழுவதையும் சுற்ற நினைக்காதீர்கள். நேப்பியர் ரயில் நிலையத்தில் இறங்கி டாங்லின் வாசல் வழியாக நுழைந்தால் அன்னக்குளம் அருகிலேயே இருக்கிறது. அங்கே பெஞ்சில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். பிறகு தெம்புசு மரத்தைப் பார்க்கப் போனோம். தரையோடு ஒட்டினாற்போல நீண்ட கிளையுடைய அந்த மரம் சிங்கப்பூரின் ஐந்து வெள்ளி (டாலர்) நோட்டில் அச்சாகியிருக்கிறது. அம்மா நோட்டைக் கையில் பிடித்து, கிளையின் வளைவை விரலால் தொட்டு, நிமிர்ந்து மரத்தைப் பார்த்து, மறுபடி நோட்டைப் பார்த்து, "சரியாத்தான் வரஞ்சிருக்கானுவ" என்று தீர்ப்புச் சொன்னார்.

அந்த வாசலை ஒட்டிய பகுதியிலேயே ஹோல்டம் ஹால் என்ற பழைய கட்டடத்தில் பூங்காவின் வரலாற்றைச் சொல்லும் சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது, அதுவும் இலவசம். ரப்பர் மரத்தின் அருகே ரிட்லி நிற்கும் புகைப்படம் ஒன்று உண்டு. மரத்தின் தண்டில் நடுவே ஒரு வாய்க்கால், அதன் இருபுறமும் மீன்முள் போலச் சரிந்து இறங்கும் வெட்டுகள். அம்மா அதன் முன்னால் நின்றுவிட்டார். "இத்தற வெட்டு போட்டா மரம் என்னத்துக்கு ஆவும் மக்களே? பட்டை திரும்ப வளர எடம் வேண்டாமா?" என்றார். நம் பக்கத்தில் இப்போது மரத்தின் பாதிச் சுற்றுக்கு ஒரே ஒரு சாய்வு வெட்டுத்தான் போடுகிறோம், அதையும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டுகிறோம் என்பதை அறிந்தவர்களுக்கு அவர் கேட்டதன் நியாயம் புரியும். ஆரம்ப காலத்து முறை அது, பின்னாளில்தான் வெட்டுகளைக் குறைத்தார்கள் என்று நான் சொன்னேன். எனக்கு அது படித்துத் தெரிந்தது. அவருக்குப் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

பக்கத்தில் நின்ற சீன முதியவர் ஒருவர் அம்மா கையை அசைத்துப் பேசுவதைக் கவனித்து என்னிடம் ஆங்கிலத்தில் விசாரித்தார். அவருடைய தாயார் மலேசியாவின் ஜொகூரில் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவராம். நான் மொழிபெயர்க்கத் தொடங்கினேன். சிறிது நேரத்தில் அதற்குத் தேவையில்லாமல் போயிற்று. அவர் கத்தியைப் பிடிக்கும் விதத்தைக் கையால் காட்டினார். அம்மா தலையை ஆட்டிவிட்டு, மணிக்கட்டை இன்னும் தாழ்த்தி, கட்டைவிரலை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினார். அவர் சிரித்துக்கொண்டே அப்படியே செய்தார். ஒரு தேர்ந்த தொழிலாளி தன் தொழிலைப் பற்றி வெளிநாட்டவர் ஒருவருக்கு விளக்கியதை அன்று நான் பார்த்தேன். அப்படிப் பேசுவதற்கு ஊரில் யாரும் அவருக்கு வாய்ப்புக் கொடுத்ததில்லை.

ஓய்வாகச் சுற்றிப் பார்க்கப் போன இடத்திலும் கூலி வேலையை நினைவுபடுத்த வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். அந்த வேலையின் கஷ்டத்தை நான் அழகுபடுத்திச் சொல்லவில்லை. அம்மாவின் முழங்கால் அதற்குச் சாட்சி. ஆனால் கஷ்டப்பட்டுச் செய்தார் என்பதற்காக அதில் அவருக்கிருந்த தேர்ச்சி இல்லையென்று ஆகிவிடாது.

எங்கள் குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை ஓபிர் சாலையிலுள்ள லூர்து அன்னை ஆலயத்துக்குப் போனோம். சிங்கப்பூர்த் தமிழ்க் கத்தோலிக்கருக்காகக் கட்டப்பட்டு 1888இல் திறக்கப்பட்ட கோவில் அது. இன்றும் தமிழில் திருப்பலி நடக்கிறது. அம்மா சேலைத் தலைப்பை முக்காடாகப் போட்டுக்கொண்டு, யாரையும் எதுவும் கேட்க வேண்டிய அவசியமின்றி, பாடல்களைப் பாடினார். இந்துக் குடும்பமாக இருந்தால் சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள மாரியம்மன் கோவிலுக்குப் போகலாம். சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸுடன் 1819இல் வந்த நாராயண பிள்ளை 1827இல் நிறுவிய அது, அந்த நாட்டின் மிகப் பழைய இந்துக் கோவில். திருப்பலி முடிந்து பக்கத்திலிருக்கும் தேக்கா சந்தைக்குப் போனோம். மீன் கடையில் அம்மா செவுளைத் தூக்கிப் பார்த்து, தமிழிலேயே விலை கேட்டு, தமிழிலேயே பதில் வாங்கினார். சமைக்க இடமில்லை என்பதால் வாங்கவில்லை; அதில் அவருக்குச் சற்று வருத்தம்.

கரையோரப் பூந்தோட்டத்துக்கும் (கார்டன்ஸ் பை தி பே) போகாமல் இல்லை. கண்ணாடிக் கூடாரத்துக்குள் 35 மீட்டர் உயரத்திலிருந்து விழும் செயற்கை அருவியை அம்மா மரியாதைக்காகச் சிறிது நேரம் பார்த்தார். எங்கள் பக்கத்துத் திற்பரப்பு அருவியில் குளித்து வளர்ந்தவருக்கு அது பெரிதாகப் படவில்லை. சீட்டின் விலையும் குறைவில்லை. இரவு 7.45க்கும் 8.45க்கும் அங்குள்ள செயற்கைப் பெருமரங்களின் அடியில் நடக்கும் ஒளிக்காட்சிக்குக் கட்டணமில்லை. அதை மிகவும் ரசித்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் என்னால் போக முடியவில்லை. எங்கள் பகுதியிலிருந்து மகளுக்கோ மருமகளுக்கோ பிரசவம் பார்க்கவும் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் வெளிநாடு போன தாய்மார் பலர் உண்டு. மாதக்கணக்கில் அடுக்குமாடி வீட்டில் சமைத்து, குழந்தையைக் குளிப்பாட்டி, துணி மடித்து, விசா முடிந்ததும் திரும்பி வருகிறார்கள். விமான நிலையத்தையும் லிஃப்டையும் தவிர அந்த ஊரில் எதையும் பார்த்திருக்க மாட்டார்கள். "நல்ல ஊருதான்" என்று நம்மிடம் சொல்வார்கள். பிள்ளைகளை விட்டுக்கொடுத்துப் பேச அவர்களுக்கு மனம் வராது. எல்லாப் பிள்ளைகளும் அப்படியென்று நான் சொல்லவில்லை. வேலை நெருக்கடியும் வாடகைச் சுமையும் எனக்குத் தெரியும். ஆயினும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அம்மாவுக்கென்று ஒதுக்க முடியாத அளவுக்கு எந்த வேலையும் இல்லை. "அவருக்கு என்ன புரியும்" என்று கேட்கும் வீட்டில்தான் இதுவும் நடக்கிறது என்பது என் அனுபவம். நீங்கள் ஊர் காட்டவே அழைத்துப் போக நினைக்கிறீர்கள், தயங்காதீர்கள்.

நடைமுறையில் சில: ரயில் நிலையங்களில் லிஃப்ட் உண்டு, நிலையங்களின் பெயர்களைத் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள். அம்மா ஒவ்வொரு நிலையத்தையும் தாமே வாசித்து, இறங்க வேண்டிய இடத்தை எனக்கு முன்பே சொல்லிவிடுவார். சீட்டுப் பதியும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று விமான நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். நடக்க முடிந்தவராக இருந்தாலும் சாங்கி விமான நிலையத்தின் நீளத்துக்கு அது தேவைப்படும். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு விசா வேண்டும். அதுபோக, போய்ச் சேரும் நாளையும் சேர்த்து அதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பும் வருகை அட்டைக்குக் கட்டணம் எதுவும் கிடையாது. என்னிடம் ஒரு முகவர் அதற்கும் பணம் கேட்டார். வெற்றிலை போடும் பழக்கமுள்ளவராக இருந்தால் பையில் புகையிலை இல்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மெல்லும் புகையிலை அந்த நாட்டில் தடைசெய்யப்பட்டது. மதிய வேளைகளில் மழை திடீரென்று வரும். அந்த நேரத்தை அறையில் படுப்பதற்கு ஒதுக்கினால் மாலையில் மறுபடி நடக்கக் காலில் தெம்பிருக்கும்.

உங்கள் அம்மா என்ன வேலை செய்தார், எதில் தேர்ந்தவர் என்பதைக் கேள்வியில் நீங்கள் எழுதவில்லை. தோவாளைப் பக்கத்தில் பூக் கட்டியவரென்றால் லிட்டில் இந்தியாவில் மாலை கட்டும் கடைகளின் முன்னால் அவருக்கு அரைநாள் போய்விடும். தையல் தெரிந்தவரென்றால் தேக்காவின் மாடியில் துணிக்கடைகளும் தையல்காரர்களும் இருக்கிறார்கள். அதைச் சேர்த்து எழுதுங்கள். எனக்குத் தெரிந்த இடங்களைச் சொல்கிறேன்.