விறகு அடுப்பின் கீழே என்ன போடுவது? – கேள்வி பதில்

(ஒன்டாரியோவில் விறகு அடுப்பு பொருத்துவது என் வேலை. தரை பற்றி மட்டும் கேளுங்கள்.)

கேள்வி: பழைய பண்ணை வீடு, மரத்தரை. அடுப்புக்குக் கீழே டைல் பதித்தால் போதும்தானே அண்ணா?

பதில்: அடுப்பைப் பொறுத்தது. தரைக்கு ஆபத்து இரண்டு வழியில் வரும். கதவைத் திறக்கும்போது தெறிக்கும் தணல் ஒன்று. அடுப்பின் அடியிலிருந்து மணிக்கணக்காக இறங்கும் சூடு இன்னொன்று. டைல் தணலைத் தாங்கும், சூட்டைக் கீழே கடத்திவிடும். கையேட்டில் தணல் தடுப்பு மட்டும் கேட்டிருந்தால் டைல் போதும். 'ஆர் மதிப்பு' (R-value, வெப்பத்தை எவ்வளவு தடுக்கும் என்ற அளவு) என்று ஓர் எண் இருந்தால், அந்த அளவுக்கு வெப்பம் தடுக்கும் பலகை டைலுக்கு அடியில் வேண்டும். கனடாவில் விறகு போடும் கதவுக்கு முன்னால் 18 அங்குலம், மற்றப் பக்கங்களில் 8 அங்குலம் மூட வேண்டும். கையேடு அதற்கு மேல் கேட்டால் கையேடு சொல்வதுதான்.

அப்புறம், சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி வெளியே கொண்டுபோங்கள். மர டெக்கில் வைக்காதீர்கள்.

கேள்வி: கார்பெட் மேலேயே தகடு விரிக்கலாமா?

பதில்: கூடாது. கார்பெட்டை வெட்டி எடுங்கள்.

கேள்வி: நான் மேசன் வேலை செய்தவன். ஒரு வரிசை செங்கல் அடுக்கினால் எந்தச் சூடும் இறங்காது. பலகை விற்கப் பயமுறுத்துகிறீர்கள்.

பதில்: நான் பலகை விற்பதில்லை, அண்ணை. செங்கல் எரியாது, சரி. கீழே இருக்கிற மரம் எரியுமே! ஒரு அங்குலச் செங்கலின் ஆர் மதிப்பு ஏறக்குறைய 0.2. கையேடு 1.5 கேட்டால் ஏழரை அங்குலத்துக்கு அடுக்க வேண்டும். அரை அங்குல மினரல் பைபர் பலகை ஒன்றே ஏறத்தாழ 1.0 தரும். இரண்டு போட்டு, மேலே சிமெண்ட் பலகையும் டைலும் வைத்தால் வேலை முடிந்தது.

கேள்வி (அவரே): ஊரில் பரம்பரையாக அடுப்பு எரித்தோம். எந்தத் தரை எரிந்தது?

பதில்: அங்கே அடுப்புக்குக் கீழே மண். இங்கே பலகை, அதற்குக் கீழே மரச்சட்டம். மரம் சாதாரணமாக 250 பாகை செல்சியஸ் அளவில் தீப்பிடிக்கும். வருடக்கணக்கில் சூடுபட்டு வறண்டு கருகினால் அதற்கும் குறைவான வெப்பமே போதும். முதல் குளிர்காலம் நல்லபடியாகப் போனதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

கேள்வி (அவரே): தெரிந்தவர் வீட்டில் வெறும் செங்கல்தான். நன்றாகத்தான் இருக்கிறது.

பதில்: அவருடையது தணல் தடுப்பு மட்டும் கேட்கும் அடுப்பாக இருக்கலாம். கால் உயரமாக, அடியில் வெப்பக் கவசத்தோடு வருபவை அப்படி இருக்கும். உங்கள் அடுப்பில் ஒட்டியுள்ள தகட்டைப் படித்துவிட்டு வாருங்கள், பிறகு சண்டை போடலாம்.

கேள்வி: பேஸ்மென்ட், கான்கிரீட் தரை.

பதில்: மண்மேல் வார்த்த வெறும் கான்கிரீட்டுக்கு ஒன்றும் வேண்டாம். லேமினேட் போட்டிருந்தால் அந்த இடத்தில் வெட்டி எடுங்கள்.

கேள்வி: டைல் மட்டும் போதுமா?

பதில்: முதல் பதில்.

கேள்வி: 1960களில் கட்டிய வீடு. 9 அங்குலச் சதுர வினைல் டைலைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பலகை போடலாமா?

பதில்: சுரண்டாதீர்கள்! அந்தக் காலத்து டைலிலும் ஒட்டுப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்த வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டுப் பரிசோதித்த பிறகு பாருங்கள்.

கேள்வி: நேற்று அள்ளிய சாம்பலைப் பேப்பர் பையில் போடலாமா?

பதில்: இரும்பு வாளி. மூடி. சாம்பலுக்குள் தணல் நாள்கணக்கில் கிடக்கும்.

கேள்வி: செராமிக் டைல் என்றால் பரவாயில்லையா?

பதில்: முதல் பதில்!

கேள்வி: காப்புறுதிக்காரர் பரிசோதனை அறிக்கை கேட்கிறார்.

பதில்: 'வெட்' (WETT, விறகு அடுப்புகளைப் பரிசோதிப்பவர்களுக்கான கனடாச் சான்றிதழ்) உள்ளவரைக் கூப்பிடுங்கள். டைல் ஒட்டிய பின் அடியில் என்ன இருக்கிறது என்று அவரால் பார்க்க முடியாது. ஒவ்வொரு அடுக்கையும் படம் எடுத்து, பலகை வாங்கிய ரசீதையும் வைத்திருங்கள். புகைபோக்கி பற்றியும் அவரிடமே கேளுங்கள்.