தோட்டத்து வீட்டில் கொத்தனார் வேலை: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: இரண்டரை ஏக்கர் மாந்தோப்பு, செந்தூராவும் பெங்களூராவும். நடுவில் வீடு. இரண்டு வருஷமாக மொட்டை மாடி ஒழுகுகிறது. தை பிறந்ததும் வேலையைத் தொடங்கலாம் என்கிறார் அப்பா. காய் இறக்கி முடித்து ஆடியில் பார்க்கலாம் என்கிறான் தம்பி. மேலே சிமெண்டுக் கலவை போட்டாலே போதும் என்கிறார் மேஸ்திரி. யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகர், போச்சம்பள்ளி

பதில்: மூவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். மாசியில் தொடங்கிப் பங்குனிக்குள் முடியுங்கள். தையில் மரம் பூவோடு நிற்கும். மாடியில் பதித்த பழைய தட்டோட்டை, அதாவது தட்டையான சுட்ட ஓட்டைக் கொத்தும்போது கிளம்பும் சுண்ணாம்புத் தூள், வீட்டை ஒட்டிய மரங்களின் பூங்கொத்தில் படியும். மாம்பூவுக்கு மகரந்தம் சேர்ப்பவை பெரும்பாலும் ஈக்கள்தான். தூசி அப்பிய பூவில் அவற்றுக்கு வேலை இல்லை. மாசியில் பிஞ்சு பிடித்துவிடும். ஆடிக்குத் தள்ளினால் தளம் காய்வதற்குள் மழை வந்து நிற்கும்.

சிமெண்டுக் கலவை வேண்டாம். சித்திரை வெயிலில் விரிந்து, இரவில் சுருங்கி, மயிரிழை வெடிப்பு விடும். ஐப்பசி மழை அந்த வழியாகத்தான் இறங்குகிறது. செங்கல் ஜல்லி–சுண்ணாம்புத் தளம் இந்த அசைவைத் தாங்கும். முக்கால் அங்குல ஜல்லி 32 பங்குக்கு நீற்றிய சுண்ணாம்பு 12½ பங்கு. மணல் சேர்க்கக் கூடாது. சராசரி 3 அங்குலக் கனம் என்றால், 1,000 சதுர அடிக்குச் சுமார் 250 கன அடி, அதாவது இரண்டரை யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). ஜல்லியை முதல் நாளே நனைத்து வையுங்கள். காய்ந்த ஜல்லி சுண்ணாம்பின் ஈரத்தைக் குடித்துவிட்டால் தளம் பொடிந்துபோகும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் அடிக்க வேண்டும். ஆள் கூலி ஏறுகிறதென்று மேஸ்திரிகள் சுருக்குவது இந்த இடத்தைத்தான். அருகில் நின்று பாருங்கள்: கட்டை தளத்தில் பதியாமல் எகிறி வர ஆரம்பித்தால் இறுகிவிட்டது என்று பொருள்.

தண்ணீர் வடிய வாட்டம், அதாவது சரிவு, 5 அடிக்கு ஓர் அங்குலம். மேலே தட்டோட்டை 1:3 சிமெண்டுக் கலவையில், நீர்க்கசிவைத் தடுக்கும் மருந்து சேர்த்துப் பதியுங்கள். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையைச் செங்குத்தாக விடாமல் சரிவாகப் பூசச் சொல்லுங்கள். பாதி ஒழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். பத்து நாள் ஈரம் காயக் கூடாது. பிறகு மழைக்குழாயை அடைத்து ஒரு நாள் தண்ணீர் கட்டிப் பார்த்துவிட்டு மேஸ்திரிக்குக் கடைசிப் பணம் கொடுங்கள்.

கேள்வி: 120 எலுமிச்சை மரம், ஒரே போர்வெல். பின்பக்கம் 400 சதுர அடிக்கு ஓர் அறை எடுக்கிறோம். கான்கிரீட் போட்டதும் இருபது நாள் சொட்டுநீரை நிறுத்திவிட்டு எல்லாத் தண்ணீரையும் தளத்துக்கு விடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். கோடைக் காய்க்குத்தான் விலை, நிறுத்தக் கூடாது என்கிறார் மாமனார். தினமும் இதே பேச்சு.
— வாசகி, புளியங்குடி

பதில்: மாமனார் பக்கம்தான் கணக்கு நிற்கிறது. தளத்தில் பாத்தி கட்டி ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தச் சுமார் 950 லிட்டர் ஆகும். அதன்பின் ஆவியாவதை நிரப்ப நாளுக்கு 200, 300 லிட்டர். மரத்துக்கு நான்கு சொட்டுவான், ஒவ்வொன்றும் மணிக்கு 8 லிட்டர் என்று வையுங்கள். 120 மரத்துக்கு ஒரு மணி நேரத்தில் 3,840 லிட்டர். தளம் கேட்பது இதில் ஒரு துளி. ஓஸை மேலே போட்டுவிட்டு மறந்துபோவதால்தான் தண்ணீர் போதவில்லை என்று தோன்றுகிறது. சுவருக்கும் தூணுக்கும் நனைத்த சாக்கைச் சுற்றிவிட்டால் மூன்று வேளை தெளித்தாலே போதும்.

இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் நிலக்கரிச் சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமெண்டு. அதற்கு 10 நாள் கட்டாயம். கோடையில் 14 நாள். இருபது நாள் தேவையில்லை. எலுமிச்சையைக் காயப்போட்டு, வேலை முடிந்ததும் ஒரேயடியாகத் தண்ணீர் விட்டால் காய் தோல் வெடிக்கும், பிஞ்சு கொட்டும். அந்த நஷ்டத்தை யாரும் கட்டடக் கணக்கில் எழுதுவதில்லை.

இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். சொட்டுநீர்க் குழாயின் கடைசி மூடியைக் கழற்றி அதிலிருந்து ஆட்கள் கலவைக்குத் தண்ணீர் பிடிப்பார்கள். திரும்ப மாட்டும்போது மணல் உள்ளே போகும், சொட்டுவான் அடைக்கும். கலவைக்குத் தனி டிரம் வையுங்கள். ஆனால் ஜீவாமிர்தம் கரைத்த டிரம் கூடாது, அதில் வெல்லம் ஒட்டியிருக்கும். ஒரு மூட்டை சிமெண்டில் 50 கிராம் சர்க்கரை சேர்ந்தாலே இறுகுவது மணிக்கணக்கில் தள்ளிப்போகும். மேலே மாடித் தளத்துக்கு வெல்லத் தண்ணீர் தெளிக்கச் சொன்னோமே என்று கேட்காதீர்கள். சுண்ணாம்புக்கு வெல்லம் உறவு, சிமெண்டுக்குப் பகை.

கலவை மிஷின், வெல்டிங், டைல்ஸ் கட்டர் எதையும் மோட்டார் ரூம் இலவச மின்சாரத்தில் மாட்ட வேண்டாம். அது பாசனத்துக்கு மட்டும். வீட்டு வேலைக்குத் தற்காலிக இணைப்பு வாங்க வேண்டும்.

கேள்வி: பழைய சுவரை இடித்த மண்ணும் காரையும் நல்ல உரம் என்று கொய்யா மரங்களைச் சுற்றிக் கொட்டினோம். மூன்று மாதத்தில் கொழுந்து மஞ்சளாகிவிட்டது. நரம்பு மட்டும் பச்சை.
— வாசகர், ஆயக்குடி

பதில்: இரும்புச் சத்துப் பற்றாக்குறையின் அடையாளம் இது. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. காரையில் உள்ள சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிட்டதால் வேரால் எடுக்க முடியவில்லை. இடித்த பொருளில் எது நல்லது, எது கெட்டது என்று பிரிக்க உங்கள் அடுப்படியே போதும்: ஒரு கட்டியின் மேல் எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு, மரத்தடிக்கு ஆகாது. பொங்காத வெறும் மண்சுவர் மண்ணைச் சலித்துக் குழிக்குப் போடலாம்.

கொட்டியதையும் அதன் கீழ் 3 அங்குல மண்ணையும் வழித்தெடுத்து வண்டிப்பாதைக்கு நிரப்புங்கள். மரத்தின் நிழல் விழும் பரப்பு முழுதும் தொழுஉரம் பரப்புங்கள். ஃபெரஸ் சல்பேட் லிட்டருக்கு 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம் கலந்து மாலையில் கொழுந்தின் மேல் தெளித்து, 15 நாள் கழித்து மறுபடியும் தெளியுங்கள். முதலில் ஒரு கிளையில் அடித்து இரண்டு நாள் பார்ப்பது நல்லது. மஞ்சளான இலை முழுதும் திரும்பாது. அடுத்த கொழுந்தைப் பாருங்கள்.

கேள்வி: கேட் செய்ய வந்த வெல்டிங்காரர் அரைக் கிலோ கார்பைடு கல்லை விட்டுப் போய்விட்டார். வீட்டுக்கு மட்டும் பத்துக் காய் பழுக்க வைத்தால் என்ன?
— வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: கூடாது. அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் சேர்மங்கள் கலந்திருக்கும். பழம் பழுக்கவைக்க அதைப் பயன்படுத்தச் சட்டப்படி தடை. ஈரம் பட்டால் அசிட்டிலின் வாயு கிளம்பித் தீப்பிடிக்கும் என்பதால் குப்பையிலோ கிணற்றிலோ போடாதீர்கள். காய்ந்த தகர டப்பாவில் இறுக மூடி, ஆளைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுங்கள். பத்துக் காய்க்கு வைக்கோலும், நடுவில் பழுத்த பழம் இரண்டும் போதும்.

கேள்வி: சமையலறையை இடித்துவிட்டோம், ஒரு மாதம் ஆகுமாம். மோட்டார் ரூமில் சமைக்கலாமா, மாங்காய்க் கொட்டகையிலா? பறித்த காய்களை எங்கே வைப்பது? வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.
— வாசகி, பெரியகுளம்

பதில்: மோட்டார் ரூமில் பூச்சிமருந்து இருக்கும், கொட்டகையில் வைக்கோல் இருக்கும். இரண்டும் ஆகாது. தகரம் போட்டுத் தனியாக ஒரு சாய்ப்பு இறக்குங்கள்; வைக்கோலிலிருந்து 30 அடியாவது தள்ளி இருக்கட்டும். சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், அடுப்பு அதற்கு மேல் உயரத்தில் இருக்க வேண்டும்.

காய்க்குக் கொட்டகைதான் சரி. புதிதாகப் பூசிய அறை குளிர்ச்சியாக இருக்கிறதே என்று அங்கே பரப்பாதீர்கள். சுவர் விடும் ஈரத்தில் கருப்புப் புள்ளி வேகமாகப் பரவும். பெயிண்ட் அடித்த அறையில் வைத்தால் பழத்தில் வாடை ஏறும்.

பிள்ளைகள் இருப்பதால் இன்னொன்று. செங்கல் அடுக்கை வாசலை ஒட்டி வைக்காதீர்கள். அழுகிய பழத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும், பாம்புக்குச் செங்கல் இடுக்கு நல்ல வீடு. அடுக்கு 15 அடி தள்ளி, பலகை மேல் இருக்கட்டும். காலையில் கல் எடுக்கும் ஆள் முதலில் ஒரு கம்பால் தட்டிவிட்டுக் கை வைக்கட்டும்.