வாயேஜருக்குள் ஓடுவது அணு உலையா?

கேள்வி: "கல்பாக்கத்தில் இருப்பதுபோல ஒரு குட்டி அணு உலைதான் வாயேஜர் விண்கலத்திலும் ஓடுகிறதா?"

இல்லை. பிள்ளையின் பள்ளிக் கண்காட்சிக்காகத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் இதே பஞ்சாயத்து நடந்தது.

நான் கல்பாக்கத்தில் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விஞ்ஞானி இல்லை. கூடங்குளம் சரியா தப்பா என்ற சண்டைக்கும் நான் வரவில்லை, கமெண்டில் இழுக்காதீர்கள்.

உலையில் நியூட்ரான் மோதி அணு பிளக்கும். அதிலிருந்து கிளம்பும் நியூட்ரான்கள் அடுத்தடுத்த அணுக்களைப் பிளக்கும். அந்தத் தொடரைக் கட்டுக்குள் வைத்து, வரும் சூட்டில் நீராவி எடுத்து டர்பைனைச் சுற்றுகிறோம். வாயேஜரில் தொடர்வினையும் கிடையாது, டர்பைனும் கிடையாது. புளூட்டோனியம்-238 தானாகவே சிதைந்து சூடாகிறது. அந்தச் சூட்டுக்கும் வெளிக்குளிருக்கும் நடுவே தெர்மோகப்பிள்கள் இருக்கின்றன. வெப்பநிலை வித்தியாசத்திலேயே மின்சாரம் பிறந்துவிடும். 1977-இல் கிளம்பும்போது இப்படிப்பட்ட மூன்று ஜெனரேட்டரும் சேர்ந்து சுமார் 470 வாட். நம் வீட்டு மிக்சிக்கே பத்தாது. வருடத்துக்கு 4 வாட் போலக் குறைந்துகொண்டே வருவதால் நாசா ஒவ்வொரு கருவியாக அணைத்து வருகிறது.

என் பேத்தி இதைத்தான் தெர்மகோலில் செய்தாள். ஜெனரேட்டர்கள் கருவிகளுக்குத் தள்ளி ஒரு கம்பத்தில் இருக்கும் என்பதால், மூங்கில் குச்சியில் வெள்ளித்தாள் சுற்றித் தனியாக நீட்டிவிட்டிருந்தாள். நடுவராக வந்தவர், "அணுசக்தின்னா கண்ட்ரோல் ராடு எங்கேம்மா?" என்றார். உலையில் தொடர்வினையைக் கட்டுக்குள் வைக்கும் தண்டைத்தான் கேட்டார். "இது உலை இல்லை சார்" என்றாள். மார்க்கைக் குறைத்துவிட்டார். நான் வாயைத் திறக்கப் போனேன், பெற்றோர் பேசக் கூடாது என்று ஓரங்கட்டிவிட்டார்கள். முதல் பரிசு சோடா உப்பில் பொங்கிய எரிமலைக்கு! அந்தப் பையன் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் வீட்டில் நல்ல அட்டை இருக்கும்போது பள்ளியில் விற்கும் அட்டையைத்தான் வாங்க வேண்டும், சான்றிதழுக்குத் தனிக் காசு என்பதெல்லாம் என்ன நியாயம்? கேட்டால் வாட்ஸ்அப் குழுவில் ஒருவரும் மூச்சு விடுவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "விண்வெளியில் உலையே கிடையாது" என்றும் எழுதி வைத்துவிடாதீர்கள். அமெரிக்கா 1965-இலேயே ஸ்நாப்-10ஏ என்ற உலையைச் சுற்றுப்பாதைக்கு அனுப்பியது. சோவியத்தின் காஸ்மோஸ் 954 செயற்கைக்கோள் தன் உலையோடு 1978-இல் கனடாவில் விழுந்து, கதிரியக்கத் துண்டுகளைப் பனியில் தேடிப் பொறுக்க வேண்டி வந்தது. நிலவு, செவ்வாய் தளங்களுக்கு உதவும் என்று 2018-இல் நெவாடாவில் ஒரு சின்ன உலையை ஓட்டிப் பார்த்தார்கள்.

நம் நாட்டு உதாரணம் வேண்டுமென்றால் சந்திரயான்-3 இருக்கிறது. அதன் உந்துவிசைப் பகுதியில் ஒரு வாட் அளவில் இரண்டு கதிரியக்க ஹீட்டர்கள் வைத்திருந்தார்கள். அவை சூடு கொடுக்க மட்டும்தான், மின்சாரம் எடுக்க இல்லை. நிலவில் இறங்கிய விக்ரமில் அவை கிடையாது. நடுவர் அதையும் கேட்பார், பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள்.