தூங்கும் முன் ஓதும் துஆ: கேள்வி பதில்

கேள்வி: சுருக்கமான துஆ (பிரார்த்தனை) எது? அதன் பொருள் என்ன?

பதில்: "அல்லாஹும்ம பிஸ்மிக்க அமூத்து வ அஹ்யா." "இறைவா! உன் பெயராலேயே மரணிக்கிறேன், உன் பெயராலேயே உயிர் பெறுகிறேன்" என்பது பொருள். நபித்தோழர் ஹுதைஃபா (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் (நபிமொழி) ஸஹீஹுல் புகாரி என்னும் ஹதீஸ் நூலில் உள்ளது. அல்லாஹ் உறக்கத்திலும் உயிர்களைக் கைப்பற்றுகிறான் என்றும், மரணம் விதிக்கப்பட்டவற்றை நிறுத்திக்கொண்டு மற்றவற்றைக் குறித்த தவணைவரை திருப்பி அனுப்புகிறான் என்றும் குர்ஆன் (39:42) கூறுவதை நினைவில் கொண்டு ஓதினால், உயிரை அதன் உரியவனிடம் ஒப்படைத்துவிட்டுக் கண் மூடுகிறோம் என்பது விளங்கும்.

கேள்வி: எத்தனை முறை ஓத வேண்டும்?

பதில்: ஒரு முறை போதும். எண்ணிக்கையும் பலனும் போட்டுப் பரப்பப்படும் செய்திகளில் ஹதீஸ் நூலின் பெயர் இல்லையென்றால் அவற்றை நம்பவும் வேண்டாம், பிறருக்கு அனுப்பவும் வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் தூங்கும் முன் 33, 33, 34 முறை ஓதுவது?

பதில்: அது ஆதாரமுள்ளது. திரிகை சுற்றிக் கைகள் நொந்துபோன, நபியின் மகள் ஃபாத்திமா (ரலி) பணியாள் கேட்டு வந்தபோது நபி (ஸல்) வீட்டில் இல்லை. இரவில், ஃபாத்திமாவும் கணவர் அலீயும் படுத்த பின்னர் நபி (ஸல்) வந்து இருவருக்கும் நடுவே அமர்ந்தார்கள். அவர்களின் பாதக் குளிர்ச்சியைத் தம் நெஞ்சில் உணர்ந்ததாக அலீ (ரலி) கூறுகிறார். சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 முறை சொல்வது பணியாளைவிடச் சிறந்தது என்று கற்பித்தார்கள். ஸிஃப்பீன் போர் இரவிலும் அலீ அதை விடவில்லை.

கேள்வி: மாதவிடாய்க் காலத்தில் ஓதலாமா?

பதில்: துஆவும் திக்ரும் (இறைநினைவுச் சொற்களும்) தாராளமாக ஓதலாம். உளூவுடன் (தொழுகைக்கான அங்கச் சுத்தத்துடன்) படுப்பது சிறப்பு, அது நிபந்தனையன்று.

கேள்வி: குழந்தைக்கு "மரணிக்கிறேன்" என்று கற்றுக்கொடுத்தால் பயப்படாதா?

மற்றொருவர்: பயப்படத்தான் செய்யும். வளரும்வரை இந்த துஆவைத் தள்ளிவைப்பதே நல்லது.

பதில்: இதில் நான் உடன்படவில்லை. பாதியை மட்டும் சொல்லிக்கொடுப்பதால்தான் அச்சம் வருகிறது. "உயிர் பெறுகிறேன்" என்பதையும், விழித்ததும் ஓதும் "எங்களை மரணிக்கச் செய்தபின் உயிர்ப்பித்த அல்லாஹ்வுக்கே புகழனைத்தும்; அவனிடமே மீண்டெழுதல் உள்ளது" என்ற துஆவையும் சேர்த்தே கற்றுக்கொடுங்கள்; ஒவ்வொரு காலையும் அந்தச் சொல்லை மெய்ப்பிப்பதைக் குழந்தை தானே கண்டுகொள்ளும்.

மற்றொருவர்: சிறு வயதில் சாவைப் பற்றிய பேச்சே தேவையில்லை என்கிறேன்.

பதில்: வீட்டில் ஒரு மவுத்து நேரும்போது குழந்தை எப்படியும் கேட்கும், அன்று முதன்முறையாக விளக்குவதுதான் கடினம். உங்களுக்குத் தயக்கமிருந்தால், இரு கைகளையும் சேர்த்து ஊதி இக்லாஸ், ஃபலக், நாஸ் ஆகிய குர்ஆன் ஸூராக்களை (அத்தியாயங்களை) ஓதி, தலை, முகம் தொடங்கி உடலில் எட்டும் இடமெல்லாம் தடவிக்கொள்ளும் நபிவழியிலிருந்து தொடங்குங்கள். நபி (ஸல்) இதை மும்முறை செய்ததாக அவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார். குழந்தைகள் இதை விரும்பிச் செய்வார்கள்.

கேள்வி: என் கனவுக்கு விளக்கம் சொல்வீர்களா?

பதில்: அது என் துறையன்று. கெட்ட கனவென்றால் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடுங்கள், யாரிடமும் சொல்லாதீர்கள்.

கேள்வி: இந்த துஆவை 100 முறை ஓதினால் கடன் தீருமாமே?

பதில்: எண்ணிக்கை பற்றி மேலே சொல்லிவிட்டேன். அந்தச் செய்தியை அனுப்பியவரிடம் ஹதீஸ் நூலின் பெயரைக் கேளுங்கள்.