மலைநாட்டுக்காரர்களின் கழுத்துக் கட்டி: ஆபரேஷன் செய்யத்தான் வேண்டுமா?

கேள்வி: தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாடுகளில் கரோட்டிட் பாடி கட்டி ஏன் அதிகம்? பெரும்பாலும் புற்றுநோய் இல்லை என்றால் ஆபரேஷன் எதற்கு?

சிறிதாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள் என்பதுதான் என் பதில். நான் ரத்தநாள அறுவை சிகிச்சை செய்பவன், கத்திப் பக்கம் கொஞ்சம் சாய்வேன், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கழுத்து ரத்தக்குழாய் இரண்டாகப் பிரியும் கவட்டில், அரிசி அளவில் ஓர் உறுப்பு இருக்கிறது, அதுதான் கரோட்டிட் பாடி. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் மூச்சை வேகப்படுத்தச் சொல்லி மூளைக்குத் தகவல் அனுப்புவது அதன் வேலை. ஆண்டிஸ் நகரங்களின் உயரத்தைப் பாருங்கள்: போகோட்டா சுமார் 2,600 மீட்டர், கீட்டோ 2,850, லா பாஸ் 3,600. அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த உறுப்பு வாழ்நாள் முழுக்க ஓவர்டைம் பார்க்கிறது. செல்கள் பெருகி, சிலருக்குக் கட்டியாகிவிடுகிறது. மலைவாசிகளுக்கு அந்த உறுப்பே பெரிதாக இருப்பதைப் பெருவின் நோயியல் நிபுணர் ஹாவியர் அரியாஸ்-ஸ்டெல்லா 1969இல் எழுதினார். அங்கே மாடுகளுக்கும் இந்தக் கட்டி வருகிறது! மனிதர்களில் பெண்களுக்கே மிக அதிகம். சமவெளியில் பரம்பரையாக வரும் மரபணுக் கோளாறுக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, ஆபரேஷன். கட்டி ரத்தக்குழாயை எவ்வளவு பற்றியிருக்கிறது என்பதை வைத்து, 1971இல் ஷாம்ப்ளின் என்ற மருத்துவர் வகுத்த மூன்று நிலைகளைத்தான் இன்றும் பேசுகிறோம். முதல் நிலையில் கட்டி குழாயை ஒட்டி மட்டும் நிற்கும், வெளிச்சுவர் அடுக்கோடு பிரித்தால் வந்துவிடும். மூன்றாவதில் குழாயையே சுற்றி விழுங்கியிருக்கும். அப்போது அந்தத் துண்டை வெட்டிவிட்டு, பல நேரம் தொடையிலிருந்து எடுத்த சிரையை வைத்துத் தைக்க வேண்டிவரும். பக்கவாதம் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனால் அதைவிட அதிகம் அடிபடுவது நரம்புகள். மயக்கம் தெளிந்ததும் நாங்கள் முதலில் கேட்பது, "நாக்கை நீட்டுங்க, பேசுங்க." நாக்கு ஒரு பக்கம் கோணினாலோ குரல் கம்மினாலோ எந்த நரம்பு என்று தெரிந்துவிடும். பல சமயம் மாதக்கணக்கில் தேறிவிடும், சிலருக்கு நிரந்தரம். கட்டி பெரிதாகப் பெரிதாக இந்த ஆபத்தும் கூடும்.

இரண்டு பக்கமும் இருந்தால் ஒரே நாளில் இரண்டையும் எடுப்பதில்லை. இரண்டும் போனால் ரத்த அழுத்தம் ஏறி இறங்கி ஆட்டம் காட்டும், ஆக்சிஜன் குறைவை உணரும் திறனும் போய்விடும். 3,600 மீட்டரில் வாழ்பவருக்கு அது சின்ன விஷயமில்லை.

வயதானவர், தொந்தரவு இல்லை, கட்டியும் மெல்ல வளர்கிறது என்றால் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டு சும்மா விடலாம். அப்புறம் ஒன்று: கழுத்துக் கட்டி பக்கவாட்டில் நகர்ந்து, மேலும் கீழும் நகராமல் இருந்தால் ஊசி குத்திச் சதை எடுக்கச் சம்மதிக்காதீர்கள். ரத்தம் கொட்டும். முதலில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள்.