எரிமலைக்கு ஒரு நாள் போய் வர: கோத்தகிரி வாத்தியாரிடம் கேட்டவை

முப்பது வருஷம் பூகோளம் நடத்தியவன் நான். கரும்பலகையில் எரிமலை வரைந்தே எத்தனையோ சாக்பீஸ் தீர்த்திருக்கிறேன். நேரில் பார்த்தது ஓய்வு பெற்ற பிறகுதான். போன ஆகஸ்டில் நாங்கள் ஐந்து பேர் இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் இருக்கும் புரோமோ எரிமலைக்குப் போய் வந்தோம். அன்றிலிருந்து கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் நிறுத்தி நிறுத்திக் கேட்கிறார்கள். மொத்தமாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

சார், நம்ம நீலகிரியே ஒரு பழைய எரிமலை என்கிறார்களே? கொடைக்கானல் ஏரிகூட எரிமலை வாய்தான் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். (கல்லூரி மாணவி, குன்னூர்)

இல்லைம்மா. நீலகிரியும் பழனி மலையும் பெரும்பாலும் சார்னோகைட் பாறை. பூமிக்கு வெகு ஆழத்தில் வெந்து இறுகி, பிறகு மேலே தூக்கப்பட்ட பாறை. நீலகிரிப் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. சென்னை பல்லாவரத்தில் இருப்பதும் இதே வகைதான். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறைக்கு இந்தக் கல்லை வைத்ததால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. கொடைக்கானல் ஏரி 1863இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஓடைகளை மறித்துக் கட்டியது. தூண் பாறையும் லாவா இல்லை. செங்குத்தான வெடிப்புகளில் தண்ணீர் இறங்கி இறங்கி அரித்ததில் தூணாக நிற்கிறது. லாவா உறைந்த மலை பார்க்க வேண்டுமென்றால் மகாராஷ்டிராவின் மகாபலேஷ்வருக்குப் போ. அதுகூட ஆறரைக் கோடி ஆண்டுக்கு முன்னால் ஆறிப்போனதுதான்.

அண்ணே, பாஸ்போர்ட் இல்லை. இந்தியாவுக்குள்ளே பார்க்க வழி உண்டா? (ஜீப் ஓட்டுநர், கூடலூர்)

உயிருள்ள எரிமலை நம் நாட்டில் ஒன்றே ஒன்று, அந்தமானின் பாரன் (Barren) தீவு. போர்ட் பிளேரிலிருந்து கடலில் 135 கிலோமீட்டருக்கு மேல். 1787இல் வெடித்ததை வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்தார்கள். பிறகு ஒரு கட்டத்தில் நெடுந்தூக்கம். 1991இல் விழித்தது, அதற்குப் பிறகும் அவ்வப்போது புகைகிறது. ஆனால் சுற்றுலாக்காரர்களைக் கரையில் இறங்க விடமாட்டார்கள், கப்பலில் இருந்தபடியே பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

பாராட்டாங் தீவில் "எரிமலை" காட்டுகிறேன் என்று யாராவது கூட்டிப் போனால் ஏமாறாதீர்கள். அது சேற்று எரிமலை. அடியிலிருந்து வாயு தள்ள, குளிர்ந்த சேறு களுக் களுக்கென்று குமிழ் விடும். ஜாரவா பழங்குடி மக்களின் காட்டு வழியாக, போலீஸ் காவலோடு வரிசை கட்டி வண்டிகள் போகும். வழியில் நிறுத்தவோ அவர்களைப் படம் எடுக்கவோ கூடாது. அங்கே படகுத்துறைக்குப் பெயர் நிலம்பூர், கூடலூருக்குக் கீழே கேரளத்தில் இருக்கும் ஊரின் பெயரேதான்! கூடலூர்க்காரரான உங்களுக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஊட்டிக் குளிர் பழகினவங்களுக்கு அங்கே சிரமம் இருக்குமா? (குடும்பத் தலைவி, ஊட்டி)

உங்களுக்கு ஒன்றுமே ஆகாது. ஊட்டி 2,240 மீட்டர், புரோமோ 2,329. சூரியோதயம் பார்க்க ஏறும் பெனஞ்சாகன் 2,770, நம் தொட்டபெட்டாவைவிடக் கொஞ்சம்தான் உயரம். கோயம்புத்தூரிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்குத்தான் பல் கிட்டும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அது பூமத்திய ரேகைக்குத் தெற்கே. நமக்கு டிசம்பர், ஜனவரியில் விழும் உறைபனி அங்கே ஜூலை, ஆகஸ்டில். நம் பனிக்காலத்தில் அங்கே மழை. ஸ்வெட்டர், குல்லா, மப்ளர் மூன்றும் கட்டாயம்.

ஒரே நாளில் போய் வர முடியுமா? (கொடைக்கானல்)

சுரபயா நகரத்திலிருந்து முடியும். நள்ளிரவில் வண்டி ஏறி, மலையடியில் ஜீப் மாறி, விடியலைப் பார்த்துவிட்டு, மணல்வெளியைக் கடந்து, சுமார் 250 படி ஏறினால் எரிமலை வாய். மதியத்துக்கு மேல் நகரத்தில் இருக்கலாம். கோவையிலிருந்து சிங்கப்பூர் வழியாக விமானம். விசா அங்கே இறங்கியதும் வாங்கிக்கொள்ளலாம்.

கொரோனா காலத்து மாஸ்க் நிறைய மிச்சம் இருக்கு. அது போதுமா? (மருந்துக்கடைக்காரர், குன்னூர்)

சாம்பலுக்கு என்-95 போதும். கந்தகப் புகைக்குப் போதாது; அதற்கு வடிகட்டி டப்பி வைத்த மாஸ்க் வேண்டும். அதைவிட முக்கியம் காற்று. எரிமலை வாயைப் பார்த்து நிற்கும்போது காற்று உங்கள் முதுகில் படவேண்டும், முகத்தில் பட்டால் இடத்தை மாற்றுங்கள். பள்ளத்தில் உட்காராதீர்கள், கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனம், தாழ்வான இடத்தில் தேங்கும். காண்டாக்ட் லென்ஸ் வைப்பவர்கள் அன்றைக்கு மூக்குக் கண்ணாடி போடட்டும். சாம்பல் என்று சொன்னாலும் அது அடுப்புச் சாம்பல் இல்லை, பாறையும் கண்ணாடியும் பொடிந்த தூள்.

அங்கே விவசாயம் உண்டா ஐயா? (காரட் தோட்டக்காரர், கேத்தி)

உண்டாவது! உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், வெங்காயத்தாள். செங்குத்துச் சரிவில் பாத்தி கட்டியிருப்பதைப் பார்த்தால் நம் கேத்திப் பள்ளத்தாக்குதான். அவர்கள் தெங்கர் மக்கள், இந்துக்கள். வருஷத்தில் ஒரு நாள், கசாடா விழாவில், விளைந்த காய்கறியையும் கோழியையும் காசையும் எரிமலைக்குள் காணிக்கையாக வீசுவார்கள். உள்சரிவில் வலையோடு நிற்கிற சிலர் அதைப் பிடித்துக்கொள்வார்கள். விளிம்பில் ஒரு பிள்ளையார் வேறு.

பயமாக இல்லையா? திடீரென்று வெடித்தால்? (பள்ளி ஆசிரியை, கோத்தகிரி)

வெடிக்கலாம். 2004 ஜூனில் புரோமோவில் கல் பறந்து இரண்டு பேர் இறந்தார்கள். 2019 டிசம்பர் 9 அன்று நியூசிலாந்தின் வகாரி எரிமலைத் தீவு வெடித்து, அங்கே இருந்த 47 பேரில் 22 பேர் மாண்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் ஒரு நாள் சுற்றுலாவாக வந்தவர்கள்தான். லாவா வழிந்து வந்து கொல்வது குறைவு. அடியில் இருக்கும் தண்ணீர் சூடேறி நீராவியாகிச் சட்டென்று வெடிப்பதுதான் ஆபத்து, நம் வீட்டு குக்கர் மாதிரி, விசில் மட்டும் கிடையாது. இந்தோனேசிய அரசு ஒவ்வொரு எரிமலைக்கும் நான்கு நிலை எச்சரிக்கை வைத்திருக்கிறது. முதல் நாள் இரவு அதைப் பாருங்கள். "வாயருகே போகாதே" என்று இருந்தால், எத்தனை பணம் கட்டியிருந்தாலும் தூரத்து மேட்டோடு நிறுத்துங்கள். "ஒண்ணும் ஆகாது சார், நான் கூட்டிட்டுப் போறேன்" என்று ஒருவன் வருவான். அவனிடம் வாதம் செய்யாமல் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கூட யாரைக் கூட்டிப் போகலாம்? எங்க குழுவில் அப்பாவும் உண்டு, வயசு 66. (ஐ.டி. பணியாளர், ஊட்டி)

தம்பி, வயசு பிரச்சினை இல்லை. மறைப்பதுதான் பிரச்சினை. எங்களில் ஒருவர் என்னோடு வேலை பார்த்த கணக்கு வாத்தியார், என்னைவிட வேகமாக நடப்பார். பாதிப் படியில் காற்று திரும்பி, புகை எங்கள் பக்கம் வந்தது. மனுஷன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இரும ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. அவருக்கு வீசிங் இருப்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். இன்ஹேலர் எங்கே என்றால், கீழே ஜீப்பில், பைக்குள். "சொன்னா கூட்டிட்டு வரமாட்டீங்கன்னு…" என்றார். உண்மைதான், யோசித்திருப்போம்.

ஒரு நல்ல காரியம் செய்திருந்தோம். முதல் நாள் ராத்திரி சாப்பிடும்போதே பேசி வைத்தோம்: யாராவது திரும்பினால் கூட ஒருவர் திரும்ப வேண்டும், மற்றவர்கள் ஏழரை மணிக்கு ஜீப்புக்கு வந்துவிட வேண்டும். அதனால் படியில் நின்று யார் போவது, யார் வருவது என்ற பஞ்சாயத்து இல்லை. நான் அவரோடு இறங்கினேன். அப்பாவிடம் இப்போதே கேட்டுவிடுங்கள், மாத்திரை டப்பாவையும் பார்த்துவிடுங்கள். அவருடைய மருந்து அவர் சட்டைப் பையில் இருக்கட்டும்.

அப்படியென்றால் நீங்கள் எரிமலை வாய்க்குள் பார்க்கவே இல்லையா? (அதே தம்பி)

இல்லை. மணலில் உட்கார்ந்து இரண்டு கிளாஸ் காபி குடித்தோம், அவர் மூச்சு சீரானது. உள்ளே எப்படி இருந்தது என்று என் வீட்டுக்காரியைத்தான் கேட்க வேண்டும். "பெரிய அண்டாவில் உலை கொதிக்கிற சத்தம் வருது. அடுப்பும் தெரியல, அரிசியும் தெரியல, வெறும் ஆவிதான்" என்றாள்.