ஹாரி பாட்டரைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. சென்ற ஆண்டுதான் புதுநன்மை வாங்கினாள். வகுப்புத் தோழி கொடுத்தாள் என்று, மந்திரம் கற்கும் ஒரு சிறுவனின் கதையான ஹாரி பாட்டர் முதல் புத்தகத்தைக் கொண்டுவந்து, சாப்பிடக் கூப்பிட்டால்கூடக் காதில் விழாமல் படிக்கிறாள். எங்கள் செபக்குழுவில் ஒரு சகோதரி, "அது சாத்தானின் வேலை, திருத்தந்தையே தடை செய்துவிட்டார்" என்கிறார். என் கணவரோ "கதைதானே, விடு" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: சகோதரி, தடை எதுவும் இல்லை. விலக்கப்பட்ட நூல்களின் பட்டியல் என்று ஒன்றைத் திருச்சபை 1559 முதல் வைத்திருந்தது உண்மை. 1966இல் வத்திக்கானே அதன் சட்ட வலுவை எடுத்துவிட்டது. பிள்ளைகளை வளர்க்கும் முதல் பொறுப்பு பெற்றோருக்கே என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2223ஆம் எண்ணில் சொல்கிறது. ஆக, முடிவெடுக்க வேண்டியவர்கள் நீங்களும் உங்கள் கணவரும்தான்.

உங்கள் குழுச் சகோதரி ஒரு கடிதத்தை மனத்தில் வைத்துப் பேசுகிறார் என்று நினைக்கிறேன். கபிரியேல கூபி என்ற ஜெர்மானிய எழுத்தாளர் ஹாரி பாட்டரைக் கண்டித்து ஒரு புத்தகம் எழுதினார். அப்போது வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்தின் தலைவராக இருந்த கர்தினால் ராட்சிங்கர், 2003 மார்ச்சில் அவருக்கு ஒரு பதில் எழுதினார். இந்தக் கதைகளின் ஈர்ப்பு கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்து, வேரூன்றும் முன்பே பிள்ளைகளின் விசுவாசத்தைக் கெடுக்கக்கூடும் என்ற கவலை அதில் இருந்தது. 2005இல் அவர் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஆன பிறகு அந்தக் கடிதம் உலகமெங்கும் பேசப்பட்டது. அது தனி மனிதருக்கு எழுதிய நன்றிக் கடிதம். திருச்சபையின் போதனை ஏடு அல்ல. கடிதத்துக்கு முந்தைய மாதம், 2003 பிப்ரவரியில்தான், நியூ ஏஜ் என்ற புதுயுக ஆன்மிக இயக்கம் பற்றிய வத்திக்கான் ஆவணம் வெளியானபோது, அதைத் தயாரித்தவர்களுள் ஒருவரான பீட்டர் ஃப்ளீட்வுட் என்ற குரு, இந்தக் கதைகளில் தமக்குப் பிரச்சினை எதுவும் தெரியவில்லை என்று நிருபர்களிடம் சொல்லியிருந்தார். 2008இல் வத்திக்கான் நாளேடு ஆதரவாக ஒரு கட்டுரையும் எதிராக ஒரு கட்டுரையும் போட்டது. திருச்சபைக்குள்ளேயே நல்ல மனிதர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.

மந்திரத்துக்கு வருவோம். சூனியம், குறி, இறந்தோரிடம் கேட்பது எல்லாவற்றையும் இணைச்சட்டம் 18ஆம் அதிகாரம் வெளிப்படையாக விலக்குகிறது. மறைக்கல்வி நூலின் 2116, 2117ஆம் எண்கள் அதையே விரித்துச் சொல்கின்றன. இதில் நான் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டேன். உங்கள் மகள் டாரட் சீட்டையோ ஆவியை அழைக்கும் ஓயிஜா பலகையையோ தொட்டால், ராசிபலன் பார்த்து நாளைத் தொடங்கினால், உடனே தடுங்கள். ஆனால் இந்தக் கதையில் வரும் மந்திரம் யாரையும் கூவி அழைத்துப் பெறுவது இல்லை. சிலர் அந்தத் திறனோடு பிறக்கிறார்கள், அவ்வளவுதான். பறக்கும் விளக்குமாற்றைப் பற்றிப் படிக்கும் பிள்ளை சூனியம் செய்யவில்லை. அதே சமயம், "நிஜமாகவே இப்படிச் செய்ய முடியுமா, எங்கே கற்றுக்கொள்ளலாம்" என்று ஒரு பிள்ளை தேடத் தொடங்கினால் அது வேறு விஷயம். அந்தப் பிள்ளையிடமிருந்து புத்தகத்தை வாங்கி வைத்துவிட வேண்டும்.

நான் பல காலம் மறைக்கல்வி வகுப்பு எடுத்தவள். 1997 முதல் 2007 வரை வந்த ஏழு புத்தகங்களையும் படித்திருக்கிறேன். எனக்கு உறுத்துவது மந்திரக்கோல் அல்ல. கடைசிப் புத்தகத்தில் ஓர் இடம் வருகிறது. ஆசிரியை ஒருவரின் முகத்தில் கெட்டவன் ஒருவன் துப்புகிறான். ஹாரி அவன்மீது சித்திரவதைச் சாபத்தை ஏவுகிறான். மன்னிக்கவே முடியாதவை என்று அதே கதை வகுத்த மூன்று சாபங்களில் ஒன்று அது. அந்த ஆசிரியை "முட்டாள்தனம்" என்று ஒரு சொல் சொன்னாலும், உடனே அவனது வீரத்தை மெச்சுகிறார். கதையும் அதைக் கடந்து போய்விடுகிறது. அப்புறம் ஆறாம் புத்தகத்தில் தலைமையாசிரியர் டம்பிள்டோர் இறக்கும் இடம். எப்படியும் சாகப்போகிற அவர், தம்மைக் கொல்லும்படி தாமே ஆசிரியர் ஸ்னேப்பிடம் கேட்டு வைத்திருந்தார் என்று பின்னால் தெரியவருகிறது. நல்ல நோக்கம் தீய செயலை நல்லதாக்காது என்பது மறைக்கல்வி நூலின் 1753ஆம் எண். பிள்ளை இந்த இரண்டு இடங்களையும் "சூப்பர்" என்று தாண்டிப் போனால், பக்கத்தில் உட்கார்ந்து "நீயாக இருந்தால்?" என்று கேட்க ஒரு பெரியவர் வேண்டும். "விளக்குமாறு" "சூனியக்காரி" என்று அட்டையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இந்தப் பக்கங்கள்வரை வருவதே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

நல்லதும் அதே ஆழத்தில் இருக்கிறது. வகுப்பில் ஒரு பையன் கதையின் வில்லன் வோல்டமார்ட்டைப் பற்றி என்னிடம் கேட்டான்: "டீச்சர், வோல்டமார்ட் தன் ஆன்மாவைத் துண்டு துண்டாக்கிப் பொருள்களில் ஒளித்து வைக்கிறானே, அவன் செத்தால் எந்தத் துண்டுக்குத் தீர்ப்பு?" வகுப்பே திரும்பிப் பார்த்தது. ஆன்மாவைக் கூறு போட முடியாது, அது கதைக்காகச் சொன்னது என்றேன். பிறகு நான் திருப்பிக் கேட்டேன்: எது செய்தால் ஆன்மா கிழிகிறதாம்? "கொலை." கிழிந்ததை ஒட்ட வைக்க வழி உண்டா? எல்லாரும் விழிக்க, அவனே சொன்னான், "உண்டு டீச்சர், செஞ்சதுக்காக நிஜமா வருத்தப்படணும். ஆனா அது ரொம்ப வலிக்கும்னு ஹாரியோட தோழி ஹெர்மயனி சொல்லுவா." அன்றைக்கு ஒப்புரவு அருட்சாதனப் பாடத்தில் மனத்துயர் என்ற பகுதியை நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. கடைசிச் சண்டையில் ஹாரி எதிரியைப் பார்த்து, இப்போதாவது வருந்திப் பார் என்று கேட்கிறான் என்பதையும் அவன்தான் நினைவூட்டினான்.

ஹாரியின் பெற்றோர் கல்லறையில் பொறித்திருக்கும் வரி எங்கிருந்து வந்தது என்று உங்கள் மகள் கடைசிப் புத்தகத்துக்கு வரும்போது கேளுங்கள். கடைசிப் பகைவனான சாவு அழிக்கப்படும் என்ற அந்த வரி, 1 கொரிந்தியர் 15:26. புத்தகம் அதைச் சொல்லாது. விவிலியத்தை அவளே திறந்து கண்டுபிடிக்கட்டும்.

உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள்: "கதைதானே" என்று விடக் கூடாது. ஆண்டவரே கதை சொல்லித்தான் கற்பித்தார். கதை உள்ளே இறங்கும் என்பதால்தான். முதல் மூன்று புத்தகங்கள் 11 வயதுக்குச் சரி, நீங்களும் கூடவே படிப்பதாக இருந்தால். நான்காவது காத்திருக்கட்டும். அதன் முடிவில் கல்லறைத் தோட்டத்தில் எலும்பும் சதையும் இரத்தமும் சேர்த்து ஒரு சடங்கு நடக்கிறது, கண் முன்னால் ஒரு மாணவன் கொல்லப்படுகிறான். இரவில் தனியாகப் படிக்கும் சின்னப் பிள்ளைக்கு அது வேண்டாம்.

கேள்வி: டோல்கீன் கத்தோலிக்கர் என்கிறார்களே, அவர் புத்தகங்களை யோசிக்காமல் கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்கலாம், ஆனால் படிக்கும் வயது பார்த்துக் கொடுங்கள். 'மோதிரங்களின் தலைவன்' (The Lord of the Rings) அடிப்படையில் சமயம் சார்ந்த, கத்தோலிக்கப் படைப்பு என்று 1953இல் ஓர் இயேசு சபைத் துறவிக்கு அவரே எழுதினார். கதையின் மையமான தீய மோதிரம் அழியும் நாள் மார்ச் 25. ஆண்டவருடைய பிறப்பின் அறிவிப்புப் பெருவிழா நாள். அந்தக் கடைசிக் கட்டத்தில் நாயகன் ஃபுரோடோ தோற்றுப்போகிறான் என்பதைக் கவனியுங்கள். மோதிரத்தை வீச அவனால் முடியவில்லை. முன்பு கொல்லாமல் இரங்கி விட்ட கோலம் என்ற பரிதாபமான பிறவிதான் கடைசியில் அந்த வேலை நடக்கக் காரணமாகிறது. இரக்கத்தைப் பற்றி இதைவிட நல்ல கதை நான் படித்ததில்லை. ஆனால் நீளம், நடையும் கனம். 1937இல் வந்த 'ஹாபிட்' சிறியது. அதில் தொடங்குங்கள்.

கேள்வி: 13 வயது மகன், பிலிப் புல்மனின் மூன்று பாக நாவலைக் கேட்கிறான். திருச்சபையைத் திட்டுகிறது என்று கேள்விப்பட்டேன். மறுத்தால் திருட்டுத்தனமாகப் படிப்பானோ என்று பயம்.

பதில்: ஐயா, கேள்விப்பட்டது சரிதான். 1995 முதல் 2000 வரை வந்த அந்த மூன்று நூல்களில், பிள்ளைகளைத் துன்புறுத்தும் கொடிய அமைப்புக்கு 'மஜிஸ்தேரியம்' என்று பெயர். நாம் திருச்சபையின் போதனை அதிகாரத்தைக் குறிக்கச் சொல்லும் அதே சொல். கடவுளாகத் தன்னைக் காட்டிக்கொண்ட ஒரு கிழட்டு வானதூதன் மூன்றாம் நூலில் காற்றில் கரைந்து போகிறான். எழுத்தோ மிக அழகு. அதனால்தான் கவனம் தேவை. ஹாரி பாட்டரில் ஒரு காட்சி இடறும். இதில் கதையின் முழுத் திசையே நம் விசுவாசத்துக்கு எதிரானது.

13 வயதில் தனியாக வேண்டாம் என்பது என் எண்ணம். காரணத்தை மறைக்காமல் சொல்லுங்கள்: "இந்த எழுத்தாளர் நாம் நம்புவதை மறுக்கிறவர். நீ 16 ஆகும்போது இருவரும் சேர்ந்து படிப்போம், நீ கேட்பதற்கெல்லாம் பதில் தேடுவோம்." தேதியோடு சொன்ன வாக்கைப் பிள்ளைகள் மதிப்பார்கள். 4ஆம் நூற்றாண்டிலேயே புனித பேசில், கிரேக்கப் புறச்சமய இலக்கியத்தை இளைஞர்கள் எப்படிப் படிக்க வேண்டும் என்று எழுதினார்: தேனீ எல்லாப் பூவிலும் உட்காராது, உட்கார்ந்த பூவிலும் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். அந்தப் பழக்கம் வர வயது வேண்டும், கூட ஆளும் வேண்டும். அதுவரை நீங்கள் முதலில் படித்து முடியுங்கள். அவன் கேள்வி 16 வரை காத்திருக்காது.

கேள்வி: எனக்கு 14 வயது. அம்மா ஹாரி பாட்டரைப் பிடுங்கி வைத்துவிட்டார். நான் எடுத்துப் போர்வைக்குள் படித்தேன். இது பாவமா? பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா?

பதில்: மகளே, அந்தக் கதையைப் படித்தது பாவம் இல்லை. அம்மா வேண்டாம் என்றதைத் தெரிந்தே மீறினாய், மறைத்தாய், அதைச் சொல்லு. ஒரு வரி போதும், குருவானவர் திட்ட மாட்டார்.

புத்தகத்தை இன்றைக்கே எடுத்த இடத்தில் வைத்துவிட்டு அம்மாவிடம் உண்மையைச் சொல். அவர் பயப்படுவது உன்மீதுள்ள அக்கறையால்தான். கோபம் ஆறியதும் ஒரே ஓர் உதவி கேள்: முதல் புத்தகத்தில் 12ஆம் அத்தியாயத்தை மட்டும் அவர் படித்துப் பார்க்கட்டும். தாய் தகப்பன் இல்லாத ஒரு பையன் ஒரு கண்ணாடியில் அவர்களைப் பார்க்கிறான், அந்த இடத்தை விட்டு நகர முடியாமல் இரவிரவாக வந்து உட்காருகிறான். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். படித்த பிறகு அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்டு, இருவரும் பேசுங்கள். அப்போதும் வேண்டாம் என்றால் இப்போதைக்குக் கீழ்ப்படி. அடுத்த பிறந்தநாளுக்கு மறுபடி கேள், இந்தப் பக்கத்தையும் அவருக்குக் காட்டு.